கைபடாத பிரிவில் முதல் பரிசு

காரின் கண்ணாடியைத் துடைத்து முடித்த பிறகுதான், அதற்கு உள்ளே சாய்த்து வைத்திருந்த அட்டை ஃபைசின் கண்ணில் பட்டது. ‘துடைக்காதீர்கள்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே வட்டமாக ஒரு முத்திரையும் குத்தியிருந்தார்கள். அதுவரை அந்த அட்டையைத் தூசி மறைத்திருந்தது. படிக்க வேண்டுமென்றால் துடைக்க வேண்டும். துடைத்தாயிற்று, படித்தும் ஆயிற்று.

முன்கண்ணாடியைக் கடைசியாகத் துடைப்பது அவன் வழக்கம். பதினெட்டு வருடத் தொழிலில் அந்த வழக்கத்தால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. வண்டியின் மற்ற பாகங்கள் எல்லாம் அதற்குள் பளபளத்துக்கொண்டிருந்தன.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கும் ‘ஸ்டார் வாட்டர் சர்வீஸ்’ ஃபைசினுடையது. லாரி, டிராக்டர், டாடா ஏஸ், கல்யாணக் கார், பாகன் கெஞ்சிக் கேட்டதால் ஒருமுறை ஒரு யானை என்று எல்லாவற்றையும் கழுவியிருக்கிறான். கழுவக் கூடாது என்ற நிபந்தனையோடு எதுவும் அவன் ஷெட்டுக்குள் வந்ததில்லை. யானைகூட அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். சென்னையில் தென்மண்டலத் தொன்மை வாகனப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. பழைய அமெரிக்க வண்டிகளும் புதிய இத்தாலிய வண்டிகளும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் வருடத்துக்கு ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து அங்கே போய், தங்கள் வண்டிகளைத் தாங்களே பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். இந்த வருடம் செஞ்சிக் கோட்டை. உள்ளூர் வரவேற்புக் குழுவுக்குத் தலைவர், மேல்சித்தாமூரில் ரைஸ்மில் வைத்திருக்கும் ஸ்ரீபால். பேரவை போன் செய்த ஒன்பது பேரில் போனை எடுத்தவர் அவர் ஒருவர்தான். கூரையும் பூட்டும் உள்ள இடம் ஒன்று வேண்டும், தலைவரின் வண்டியை ஓர் இரவு வைக்க வேண்டும் என்றார்கள். மில் முழுக்க நெல் மூட்டை. ஸ்ரீபால் பள்ளிக்கூட நாளிலிருந்து தன் சிநேகிதனான ஃபைசைக் கேட்டார். தூசிக்குப் பேர்போன வண்டியை வாட்டர் சர்வீஸில் நிறுத்திய பெருமை இப்படியாக அவரைச் சேர்ந்தது.

“வண்டிய நல்லா பாத்துக்கோ பாய். பெரிய எடத்து வண்டி,” என்று மட்டும் சொன்னார்.

நன்றாகப் பார்த்துக்கொள்ள ஃபைசுக்கு ஒரு வழிதான் தெரியும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. யாரும் கழுவச் சொல்லவில்லை. அவன் அதைத் தொட ஆசைப்பட்டான். அவ்வளவுதான்.

பதினோரு வயதில், சலூனில் முறை வரும்வரை புரட்டிய ஒரு பழைய பத்திரிகையில் இதே ரக வண்டியின் படத்தைப் பார்த்திருக்கிறான். அமெரிக்காவில் அறுபத்தொன்பதில் செய்தது. எட்டு சிலிண்டர். நீண்ட மூக்கு, அகன்ற தோள், பாயப்போகிற மிருகம் மாதிரி பின்பக்கம் பதுங்கிய இடுப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு முடி வெட்டாமலே ஓடிவந்தவன், அதற்கு வீட்டில் அடி வாங்கினான். அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடங்களில் அந்த எஞ்சின் சத்தத்தைப் போனில்தான் கேட்டிருக்கிறான். அவனுடைய ரிங்டோனே அதுதான். ஒருமுறையாவது நேரில் கேட்டுவிட வேண்டும் என்பது அவனுக்கு இருந்த ஒரே ஆடம்பரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டெய்னர் லாரியிலிருந்து வண்டியை இறக்கியபோது ஃபைஸ் மஸ்ஜிதில் இருந்தான். சனிக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்து பார்த்தால், அதன்மேல் அட்டை கனத்துக்குத் தூசி. பாவம், தூரத்திலிருந்து வருகிறார்கள், கழுவ நேரம் இருந்திருக்காது என்று நினைத்தான். பிரஷர் கன்னை எடுக்க மனம் வரவில்லை. வீட்டிலிருந்து குழந்தைகள் ஷாம்பு கொண்டுவந்து, பனியன் துணியை நனைத்துக் கையாலேயே கழுவினான். உடைந்திருந்த ஹெட்லைட்டுக்குள் ஒரு காய்ந்த குருவிக்கூடு. அதை மட்டும் எறிய மனமில்லாமல் சுவரில் மேல் ஓரமாக எடுத்து வைத்தான். பானட்டின் விளிம்பில் அரக்கு வைத்து ஒட்டியிருந்தது. அதைத் தொடவில்லை. மூன்று மணி நேரத்தில் நாற்பத்தோரு வருடம் டீ டிகாஷன் நிறத்தில் கால்வாயில் இறங்கிப் போனது.

லாரியின் கேபினிலிருந்து டிரைவர் கலியபெருமாள் இறங்கி வந்தார். அறுபது வயதுக்கு மேல். ஏற்காட்டிலிருந்து செஞ்சிவரை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற உத்தரவோடு ஓட்டிவந்து, அடித்துப் போட்டாற்போல் தூங்கியவர். வண்டியைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இன்னா பாய் பண்ணிட்ட?”

“தூசியா இருந்துச்சுண்ணே.”

“பானட்டத் தொறந்தியா?”

“இல்ல. அரக்கு வச்சிருந்துச்சு.”

“அது போதும்,” என்று அவர் ஒரு மூச்சு விட்டார். பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார். “படுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிட்டுப் படுத்திருக்கணும். எம்மேலயும் தப்புக்கீது.”

“அண்ணே, இது ஓடுமா?”

“நான் லாரி டிரைவரு பாய். ஏத்துவேன், எறக்குவேன். மத்ததெல்லாம் அவங்கள கேளு.”

அவர்கள் பதினோரு மணிக்கு வர வேண்டியது. பன்னிரண்டுக்குத்தான் வந்தார்கள். பேரவை உறுப்பினர் ஒருவரின் மஞ்சள் நிற இத்தாலிய வண்டி மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகக்கூடியது. தரைக்கும் அதற்கும் நாலு விரல்தான் இடைவெளி என்பதால், கூட்டு ரோட்டு வேகத்தடை ஒன்றைத் தாண்ட அதற்கு நாற்பது நிமிடம் பிடித்தது. இளநீர்க்காரர் இரண்டு பலகை கொடுத்து உதவினார். அவலூர்பேட்டை பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தலைவர் ராஜாராம் வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். ஷெட்டுக்குள் வந்தவர் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. மெதுவாக வண்டியைச் சுற்றி வந்து பின்கண்ணாடி முன்னால் நின்றார். அதில் அவருடைய முகம் தெரிந்தது. அந்த வண்டியில் தன் முகத்தை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார் என்று ஃபைசுக்குப் பட்டது. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். சாவு வீட்டில் செய்வதைப் போலத்தான் இருந்தது. திட்டுக்குத் தயாராக நின்றிருந்த ஃபைசுக்கு இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த பனியன் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பிற்பகலில் ஒரு கல்யாண மண்டபத்தில் விசாரணை. மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலிகள் இரண்டில் தலைவரும், பேரவையின் மூலநிலை மதிப்பீட்டாளர் மணிமொழியும் உட்கார்ந்தார்கள். மணிமொழி வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. முன்னால் நூற்று நாற்பது பக்கக் கோப்பு. அதில் வண்டியின் தூசி, இடம்வாரியாக, மில்லிமீட்டர் கணக்கில் பதிவாகியிருந்தது.

“முதலில் ஒரு திருத்தம்,” என்றார் மணிமொழி. “நீங்கள் தூசி என்கிறீர்கள். பேரவை அதைக் காலப்படிவம் என்கிறது. கூரையில் மூன்று மில்லிமீட்டர் காலப்படிவம் இருந்தது. இப்போது எவ்வளவு இருக்கிறது?”

“இப்ப சுத்தமா இருக்குது மேடம்,” என்றான் ஃபைஸ். சொன்ன பிறகுதான் அது தற்பெருமை மாதிரி ஒலித்ததை உணர்ந்தான்.

ராஜாராம் எழுந்தார். “என் தகப்பனார் எண்பத்து நான்கில் இந்த வண்டியை ஏற்காட்டு எஸ்டேட்டில் விட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து ஒரு விரல் பட்டதில்லை. நான் இதில் உட்கார்ந்ததில்லை. என் மகன் இதைப் பார்த்ததே இல்லை. மூன்று தலைமுறையாக, மிஸ்டர் ஃபைஸ், ஒன்றுமே செய்யாமல் நாங்கள் இதைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். அது எவ்வளவு பெரிய உழைப்பு என்று உங்களுக்குத் தெரியாது.”

“ஒரு வண்டியைப் பராமரிக்க யாராலும் முடியும்,” என்று மணிமொழி விளக்கினார். “பராமரிக்காமல் விடுவதற்குத்தான் வசதி வேண்டும். இட வசதி, மன வசதி. நம் நாட்டில் எத்தனை பேரால் ஒரு வண்டியை நாற்பத்தோரு வருடம் உபயோகிக்காமல் இருக்க முடியும், சொல்லுங்கள்?”

ஃபைசுக்குத் தன் பைக்கின் நினைவு வந்தது. அதை அவனால் நாற்பத்தோரு நிமிடம்கூட உபயோகிக்காமல் இருக்க முடிந்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் எட்டு சிலிண்டர்கள் உறுமின. மண்டபத்தில் எதிரொலி வேறு. மனைவி ஜெஸிமா கூப்பிடுகிறாள். போனை எடுத்து அடக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“என்ன சத்தம் அது?” என்று ராஜாராம் முகத்தைச் சுளித்தார். “ஜெனரேட்டரா? நிறுத்தச் சொல்லுங்கள்.”

“உங்க வண்டி சத்தம்தான் சார். இதே மாடல். நெட்டுல எடுத்தது.”

மணிமொழி கோப்பில் ஏதோ எழுதி, பிறகு அதை அடித்தார்.

“சார், பண்ணது தப்புதான். எந்தத் தண்டன குடுத்தாலும் சரி,” என்றான் ஃபைஸ். “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். வண்டி ஓடுமா?”

“ஓடுமா என்று கேட்பவர்களுக்காகத்தான் டாக்ஸி ஸ்டாண்டு இருக்கிறது,” என்றார் தலைவர்.

தீர்மானம் நிறைவேறியது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கோட்டை வாசலில் கண்காட்சி. அதற்குள் காலப்படிவத்தை முன்பிருந்த கனத்தில், முன்பிருந்த இடங்களில் திரும்ப நிறுவ வேண்டும். ஃபைஸ் மேடையேறி மன்னிப்பு வாசிக்க வேண்டும். கடைசியில் கொடியசைத்து வண்டி புறப்படும்.

மற்றதெல்லாம் அவன் காதில் சரியாக விழவில்லை. கொடியசைத்து என்பது மட்டும் விழுந்தது. வெளியே வந்த மணிமொழியைத் தூணோரம் மடக்கினான்.

“மேடம், கொடி ஆட்டினா வண்டி ஸ்டார்ட் ஆவுமில்ல?”

“நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் இருப்பது நடக்கும்.”

அந்த ஒரு சத்தத்துக்காக ஊர் முன்னால் தலைகுனியலாம் என்று ஃபைஸ் முடிவு செய்தான். முடிவு செய்துவிட்டோமே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தூசி தேடும் படலம் மேல்சித்தாமூரில் தொடங்கியது. தன்னால்தான் இவ்வளவும் என்று குன்றிப்போயிருந்த ஸ்ரீபால், மில்லின் பரணுக்கு ஏணி போட்டார். மேலே ஏறி, சமணர் வழக்கப்படி எறும்பு ஏதாவது குடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பொறுமையாகப் பார்த்த பிறகே ஒரு முறம் தூசி அள்ளினார்.

“எங்க நைனா காலத்துத் தூசிங்க மேடம். அறுவது வருசத்துக்குக் கொறையாது. எத்தினி கூட வேணும்னாலும் அள்ளிக்கலாம்.”

மணிமொழி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். “இது வேலை செய்த தூசி. நெல் அரைத்ததில் வந்தது. நமக்கு வேண்டியது ஓய்வெடுத்த தூசி.”

ஸ்ரீபாலின் முகம் விழுந்துவிட்டது. மூன்று தலைமுறையாக மில் ஓட்டியதற்காக யாரும் அவரை இப்படிக் குறை சொன்னதில்லை. ரோட்டுத் தூசியைக் காட்டினார்கள். அது வயதில் சின்னது என்றார் மணிமொழி. அதன் பிறகு அவர் பார்வை கோட்டை மேல் போனது. அங்கே பழைய தானியக் களஞ்சியம் இருக்கிறது. உள்ளே யாரும் எதையும் சேமித்து வைத்து எத்தனையோ தலைமுறை ஆகிறது.

களஞ்சியத்தில் இருந்த காவலர் கையை ஆட்டினார். “இங்கருந்து ஒரு கல்லு எடுத்துனு போவக் கூடாது சார்.”

“கல்லு இல்லீங்க, தூசிதான்,” என்றான் ஃபைஸ்.

“தூசிக்குன்னு ரூல் எதுவும் இல்ல. இல்லாததால அதையும் எடுக்கக் கூடாது.” சொல்லிவிட்டு அவரே இரக்கப்பட்டார். “வாசல்ல குஞ்சம்மா பெருக்கிக் கொட்டி வச்சிருக்கும். வெளிய கொட்டினது எங்க கணக்குல வராது. அத அள்ளிக்கோங்க.”

குஞ்சம்மாள் கோட்டை வாசலைப் பெருக்குகிறவர். வேப்பமரத்தடியில் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மணிமொழி ஒரு படிவத்தை எடுத்தார்.

“அம்மா, இது எத்தனை வருடத் தூசி?”

“காலைல பெருக்குனது.”

“அதற்கு முன்னால் எங்கே இருந்தது?”

“கோட்டையிலதான்.”

“கோட்டை எத்தனை வருடமாக இருக்கிறது?”

“எனக்குத் தெரிஞ்ச நாளா இங்கதான் இருக்குது.”

‘பல நூற்றாண்டு’ என்று மணிமொழி எழுதிக்கொண்டார். வண்டியைவிடத் தூசிக்கு வயது கூடிவிட்டதே என்று ஸ்ரீபால் மெல்ல இழுத்தார். அது வண்டிக்குக் கௌரவம் என்று பதில் வந்தது. குஞ்சம்மாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

“ஏம்மா, இருபத்திரண்டு வருசமா இதக் கூட்டி வெளிய கொட்டத்தான் சம்பளம் குடுக்கறாங்க. இனிமே கொட்டக் கூடாதா?”

மணிமொழி பேனாவை மூடினார். குஞ்சம்மாள் ஃபைசின் பக்கம் திரும்பினார்.

“இன்னாத்துக்கு பாய் இது?”

“ஒரு காருக்குப் பூசணும்மா.”

“நீ கழுவுறவன்தானே?”

“ஆமாம்மா.”

“சரி,” என்று குஞ்சம்மாள் வெற்றிலையை மென்றார். அந்தச் சரிக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஃபைசுக்குத் தேவலாம் போலிருந்தது.

கூடையோடு வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் சல்லடையைத் தேடினான். ஜெஸிமா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அது மாவு சலிக்கிற சல்லடைங்க.”

“வேற சல்லட வாங்கித் தரேன். இதுலதான் நைசா விழும்.”

“காலைல ஷாம்பு காணோம். இப்ப சல்லட. கழுவறதுக்கும் என் வீட்டுப் பொருளு, அழுக்காக்கறதுக்கும் என் வீட்டுப் பொருளா?” என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “அவ்ளோ ஆசையா இருந்தா சும்மா பாத்துக்கினு நின்னுருக்கலாமில்ல. உங்க கைக்கு சும்மா இருக்கத் தெரியாது. ஊரு முன்னாடி மன்னிப்பு வேற படிக்கணுமாமே. போவாதீங்களேன்.”

“கடைசில வண்டிய ஸ்டார்ட் பண்ணுவாங்க.”

அவள் சல்லடையை எடுத்து நீட்டினாள்.

ஷெட்டில் அவன் ப்ளோயரை மெல்லிய காற்றுக்கு வைத்து, சலித்த தூசியை அதன் முன்னால் தூவினான். பேரவையின் கோப்பைவிட அவனுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். தூசி பானட்டின் இடுக்கில் எப்படி ஒதுங்கும், வைப்பருக்குக் கீழே எப்படிப் படுக்கும், கதவின் கைப்பிடிக்கு மேல் எப்படி மெலியும் என்பதெல்லாம் பதினெட்டு வருடமாக அகற்றி அகற்றியே அவனுக்கு வந்த ஞானம். அதை அப்படியே தலைகீழாக ஓட்டினான். ஹெட்லைட்டில் குருவிக்கூட்டையும் திரும்ப வைத்தான். ராத்திரி எட்ட நின்று பார்த்தபோது வண்டி நாற்பத்தோரு வருடம் தூங்கியதைப் போலவே இருந்தது. தொழிலில் இவ்வளவு நேர்த்தியாக அவன் எதையும் செய்ததில்லை. ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே, நிமிர்ந்ததற்காகக் கூசியது.

மணிமொழி பூதக்கண்ணாடியோடு அரை மணி நேரம் பார்த்தார். “முன்பைவிட நன்றாக இருக்கிறது,” என்று சொல்லிவிட்டுக் கோப்பில் ‘மாற்றமில்லை’ என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டை வாசலில் ஷாமியானா. மஞ்சள் இத்தாலிய வண்டிக்கு அடியில் இளநீர்க்காரரின் பலகைகள் இன்னும் இருந்தன. கட்சிக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேர் ஃபைசின் வாடிக்கைக்காரர்கள். பின்வரிசையில் ஜெஸிமா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மன்னிப்பை எழுதியது பேரவை. ஃபைஸ் வாசித்தான்.

“ஃபைஸ் ஆகிய நான், சுத்தம் என்னும் என் குறுகிய கண்ணோட்டத்தின் காரணமாக, காலத்தின் கொடையாகிய ஒரு படிவத்தை அறியாமையால் நீக்கினேன். அழுக்கின் அருமை தெரியாமல் வளர்ந்த என்னை இந்த அவை பொறுத்தருள வேண்டும்.”

“பாய், என் டாடா ஏஸ்ல ஆறு மாசக் கொடை இருக்குது,” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். “எத்தினி லட்சம் தேறும்?”

“உன்து கொடை இல்லடா, கோழிப் பீ,” என்றான் பக்கத்திலிருந்தவன்.

சிரிப்பு அடங்கும்வரை ஃபைஸ் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துகள் மிதந்தன. மீதியையும் வாசித்தான். ஒரு வரியைத் தாண்டிவிட்டதாக மணிமொழி சுட்டிக்காட்டவே, அதை மறுபடி வாசித்தான்.

பிறகு பரிசு. கைபடாத பிரிவில் முதல் பரிசு ராஜாராமின் வண்டிக்கு. அந்தப் பிரிவில் இருந்தது ஒரே வண்டி. இரண்டு கைகளாலும் அதைத் தேய்த்துக் கழுவியவனும் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினான்.

“இந்த வண்டியின் ஒவ்வொரு அங்குலமும் ஒரிஜினல்,” என்று ராஜாராம் ஒலிபெருக்கியில் சொன்னார். “ஒரு திருகாணிகூட மாறவில்லை. நாம் மாறிவிட்டோம். நாடு மாறிவிட்டது. இது மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன்? நாங்கள் இதை எதற்கும் பயன்படுத்தவில்லை. பேரவையின் கொள்கையும் அதுதான்.”

பலத்த கைதட்டல். ஒன்பதாவது நிகழ்ச்சி வந்தது. ஃபைஸ் எல்லோருக்கும் முன்னால், பானட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கண்ணைக்கூட மூடிக்கொண்டான். ராஜாராம் கொடியை ஆட்டினார். பேண்டு வாத்தியம் முழங்கியது. அந்தச் சத்தத்தில் எஞ்சின் சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

“தள்ளுங்க,” என்றார் யாரோ.

கண்ணைத் திறந்தான். வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர் வண்டியின் பின்னால் நின்றார்கள். ஐந்தாவதாக ஒரு ஆள் வேண்டும் என்று அவன் கையிலும் ஒரு ஜோடியைத் திணித்து, முன்பக்கம் பிடித்துத் திருப்பச் சொன்னார்கள். பத்தடி தள்ளினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், வண்டிக்குத்தான். எத்தனையோ வண்டிகளின் மூக்கைத் தூக்கிப் பழகியவன் ஃபைஸ். எட்டு சிலிண்டர் இருக்கும் முன்பக்கம் ஐந்தாறு ஆள் கனம் கனக்க வேண்டும். இது காலி அலமாரி போல நகர்ந்தது.

மதியம் கூட்டம் கலைந்தது. கலியபெருமாள் வண்டியைக் கண்டெய்னருக்குள் ஏற்றி, சக்கரங்களுக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஃபைஸ் உள்ளே ஏறி அவர் பக்கத்தில் குந்தினான். கையில் இன்னும் அந்தக் கையுறை இருந்தது.

“அண்ணே, ரெண்டு நாளா எல்லாரையும் கேட்டுட்டேன். யாரும் வாயத் தொறக்கல. நீங்களாவது சொல்லுங்க. இது ஓடுமா?”

கலியபெருமாள் வெளியே எட்டிப் பார்த்தார். ராஜாராம் தூரத்தில் மாலையோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஓடாது.”

“ரிப்பேரா?”

“ரிப்பேர் ஆவறதுக்கு இன்ஜின் இருக்கணும் பாய். எண்பத்து நாலுல பெரியவரு அதக் கழட்டி எஸ்டேட்டுக் கெணத்துல பம்பு ஓட்ட வச்சாரு. பதினாலு வருசம் தண்ணி எறச்சுது. எஸ்டேட்டுலதான் எனக்கு வேல, நான்தான் தெனம் ஸ்டார்ட் பண்ணுவேன். உன் போன்ல வர்றதெல்லாம் ஒரு சத்தமே இல்ல. அது கத்துனா நெஞ்செலும்புல கேக்கும். அப்புறம் எடைக்குப் போட்டாங்க.”

ஃபைஸ் கையுறையைக் கழற்றினான். “தலைவருக்குத் தெரியுமா?”

“அரக்கு வச்சதே அவரு.” கலியபெருமாள் பட்டையை ஒரு இழுப்பு இழுத்துப் பூட்டினார். “கதவு ரெண்டும் வேற வண்டிது. பூட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ மோதி மாத்துனது. முன்னால இருக்குது பாரு பேரு, அதுவும் அப்ப புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைல நான் வாங்கியாந்து ஒட்டுனது. சீட்டு சேலத்துல தச்சது.”

“அப்ப இதுல இன்னாதாண்ணே ஒரிஜினலு?”

கலியபெருமாள் பின்கண்ணாடியைப் பார்த்தார். குஞ்சம்மாள் பெருக்கிய மண், அழகாக, சீராக, அதன்மேல் படிந்திருந்தது.

“எஸ்டேட்டு ஷெட்டுக்கு எதிர்லதான் எனக்கு ரூமு. ஜன்னல் வழியா தெனம் பாப்பேன். நாப்பத்தோரு வருசம், ஒவ்வொரு வெயிலுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சு. யாரும் கைவைக்கல. அது மட்டும் பொய்யில்ல,” என்றார். “அந்தத் தூசிதான் பாய்.”